தண்ணீரில் ஏது வேக வரம்பு?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு ஆலப்புழை போயிருந்தபோது ஒரு ஸ்பீட் போட்டில் ஏறியிருக்கிறீர்கள். அகன்ற காயலை விட்டுக் குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்த பிறகும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை. "இங்கே ஸ்பீட் லிமிட் கிடையாதா?" என்று கேட்டதற்கு, "தண்ணியில ஏது சார் லிமிட்" என்று சிரித்திருக்கிறார். அவர் சொன்னது சரியா, தவறென்றால் அந்த வரம்பு மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் கடைசி வரியில், அடுத்த மாதம் 14 பேராகத் தேக்கடிக்கும் ஒகேனக்கலுக்கும் போவதாகவும், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள் என்றும் சேர்த்திருக்கிறீர்கள். எனவே உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, தான் ஏறப்போகும் படகு ஆபத்தானதா இல்லையா என்பதைத் துறையில் நிற்கும் ஒரு சாதாரணப் பயணி எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்குத்தான் அதிக இடம் தேவைப்படும்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். கரைக்கு வந்த பிறகு சில ஆண்டுகள் உள்நாட்டுப் படகுகளின் இயந்திரங்களையும் அடிப்பகுதியையும் சோதித்துப் பார்க்கும் பணியில் இருந்தேன். சட்டத்தை அந்த வேலைக்குத் தேவைப்பட்ட அளவுக்குப் படித்திருக்கிறேனே தவிர, வழக்கறிஞன் அல்ல. ஆகவே சட்டத்தில் உள்ளது எது, அனுபவத்தில் நானாக வந்து சேர்ந்த முடிவு எது என்பதைக் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஆறு, ஏரி, காயல், வாய்க்கால் ஆகியவற்றில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு இந்தியா முழுவதற்கும் பொதுவான சட்டம் உண்டு. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 நிறைவேற்றப்பட்டு, 2022 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு இயந்திரப் படகு சர்வே சான்றிதழும் (படகைச் சோதித்துப் பார்த்துத் தரும் சான்று) பதிவும் இல்லாமல் ஆளை ஏற்றக் கூடாது. காப்பீடு இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கும் இன்ஜினைப் பார்ப்பவருக்கும் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். அந்தப் படகில் எத்தனை பேரை ஏற்றலாம் என்ற எண் சான்றிதழிலேயே இருக்க வேண்டும். இதை நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகளின் பொறுப்பு. பரிசல், துடுப்புப் படகு போன்ற இயந்திரமில்லாதவற்றையும் அதே சட்டம் தனி அத்தியாயத்தில் தொடுகிறது, ஆனால் அவற்றின் மேற்பார்வையைப் பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகத்தின் கையில் விட்டுவிடுகிறது.

இனி வேகம். நெடுஞ்சாலையில் இருப்பதைப் போல, எல்லா நீர்நிலைகளுக்கும் எல்லாப் படகுகளுக்கும் பொருந்தும் ஒரே எண்ணைச் சட்டம் விதிக்கவில்லை. அந்த அளவில் ஓட்டுநர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. உலகெங்கும் படகோட்டத்தின் அடிப்படையாக இருக்கும் 1972-ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் ஆறாவது விதி 'பாதுகாப்பான வேகம்' என்பதைப் பற்றியது. மோதலைத் தவிர்க்க உரிய நடவடிக்கை எடுப்பதற்கும், சூழ்நிலைக்கு ஏற்ற தூரத்துக்குள் படகை நிறுத்துவதற்கும் இடம் தருகிற வேகத்தில்தான் எந்தக் கலமும் எப்போதும் ஓட வேண்டும் என்பது அதன் சாரம். எதையெல்லாம் கணக்கில் கொள்ள வேண்டும் என்றும் அது சொல்கிறது: பார்வைத் தெளிவு, போக்குவரத்து நெரிசல், படகு எவ்வளவு சீக்கிரம் திரும்பும், காற்று, நீரோட்டம், அடியில் இருக்கும் ஆழம். இந்த அளவுகோலில் பார்த்தால், திறந்த வேம்பநாட்டுக் காயலில் தவறில்லாத ஒரு வேகம், இருபதடி அகல வாய்க்காலில் குற்றமாகிவிடும். இதற்கு மேல், படகுத்துறைகளுக்கு அருகிலும் குறுகலான இடங்களிலும் உள்ளூர் அதிகாரிகள் தனியாக எண் குறித்துப் பலகை வைக்கலாம். வைத்திருந்தால் அது கட்டுப்படுத்தும். பலகை இல்லையென்றால் வரம்பு இல்லை என்று பொருளாகாது. நிதானிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் ஓட்டுநரின் தலையில் விழுகிறது என்றுதான் பொருள்.

இதற்குக் காரணம் விளங்க வேண்டுமானால் படகுக்கு பிரேக் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது சாலையில் சாதாரணம். ஆனால் அது நொடிக்குப் பதினோரு மீட்டர். வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு வள்ளம் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, கை த்ராட்டிலுக்கு (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடிக்கு) போய், இன்ஜின் ரிவர்ஸைப் பிடிப்பதற்கு ஐந்து நொடி ஆகுமென்றால் அதற்குள் 55 மீட்டர் கடந்திருப்பீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. பின்னால் தொங்கும் அவுட்போர்டு இன்ஜின்தான் அந்தப் படகுக்குச் சுக்கானும். பதற்றத்தில் த்ராட்டிலை முழுக்க இறக்கிவிட்டால் விசிறி தள்ளும் நீரின் விசை போய்விடும். அதோடு திரும்பும் திறனும் ஏறக்குறைய போய்விடும். புதிதாக ஓட்டுபவர்கள் இடிப்பது பெரும்பாலும் இப்படித்தான் என்பது நான் பார்த்த வரையில் வந்த முடிவு. 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகப் பகுதியில், இன்ஜின் சோதனையில் இருந்த கடற்படையின் விரைவுப் படகு ஒன்று கட்டுப்பாடு இழந்து எலிஃபெண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகின் மேல் மோதி 15 பேர் இறந்ததை நீங்கள் காணொளியில் பார்த்திருக்கலாம். அது கடல். ஆனால் நீரில் வேகம் என்ன செய்யும் என்பதை அந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன.

சாலைப் பழக்கம் தண்ணீரில் ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு சான்று சொல்கிறேன். நம் நாட்டில் சாலையில் இடப்பக்கம் போகிறோம். நீரில் வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். எதிரெதிரே வரும் இரண்டு இயந்திரப் படகுகளும் தத்தம் வலப்பக்கம் திரும்பி, ஒன்றையொன்று இடப்பக்கமாகக் கடக்க வேண்டும். குறுக்கே வரும் படகு உங்கள் வலப்பக்கத்தில் தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள். முந்தைய நாள் வரை ஆட்டோ ஓட்டிவிட்டு, தகுதிச் சான்றிதழ் இல்லாமல் படகுக்கு வந்த ஒருவர் அவசரத்தில் எந்தப் பக்கம் திருப்புவார் என்று யோசித்துப் பாருங்கள்.

வேகத்தால் வரும் கேடு படகுக்குள் இருப்பவர்களோடு முடிவதில்லை. நீரை உழுதுகொண்டு போகும் படகு பின்னால் அலையை விட்டுச் செல்கிறது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவதால், 15 சென்டிமீட்டர் அலை 30 சென்டிமீட்டராக உயர்ந்தால் கரையில் விழும் அடி நான்கு மடங்காகிறது. குட்டநாட்டில் வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே, வெறும் மண்வரப்புகளின் காவலில் கிடக்கின்றன. ஒருமுறை கைனகரிப் பக்கம் காலையில் ஒரு கற்படியில், பெண்மணி ஒருவர் அலுமினியச் சட்டியில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு ஸ்பீட் போட் சீறிக்கொண்டு போனது. அது கண்ணிலிருந்து மறைந்து, சத்தமும் அடங்கிய பிறகும் நீர் அசையவில்லை. அந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு அலை வந்து, இரண்டு படி ஏறி, அவர் சேலையை நனைத்துவிட்டு இறங்கியது. சட்டியை மறுபடி கீழே வைத்தார். ஒரு நாளில் எத்தனை முறை இப்படித் தூக்கி வைத்திருப்பாரோ. நான்கு விரற்கடை மட்டுமே நீருக்கு மேலே தெரியும் சிறு வள்ளத்தில் துடுப்புப் போடுபவருக்கு அதே அலை நனைந்த சேலையோடு போய்விடாது.

ஆனாலும் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் உள்நாட்டு நீர்நிலைகளில் நடந்த பெரிய விபத்துகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், வேகம் அவற்றின் முதல் காரணமாக இல்லை. 2002 ஜூலை 27-இல் கேரளத்தில் முகம்மாவிலிருந்து குமரகத்துக்குப் போன படகில் இறந்தவர்கள் 29 பேர். 2007 பிப்ரவரி 20-இல் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாவில் 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7-இல் தானூரில் 22 பேர். 2024 ஜனவரி 18-இல் வடோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும். இவற்றில் திரும்பத் திரும்ப வருவது தாங்கும் அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்ட ஆட்கள். தானூர் படகு மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாவுக்கு மாற்றப்பட்டது; 22 பேருக்கானதாகச் சொல்லப்பட்ட அதில் 37 பேர் இருந்தார்கள், பொழுதும் சாய்ந்திருந்தது. இத்தனைக்குப் பிறகும் படகுத்துறையில் வேக வரம்பைக் கேட்பவர்களை எப்போதாவது பார்க்கிறேன். ஆள் வரம்பைக் கேட்பவர்களை அதைவிட அரிதாகத்தான் பார்க்கிறேன்.

ஆள் அதிகமானால் படகு மூழ்கிவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம். பெரும்பாலும் அது மூழ்குவதற்கு முன்பே கவிழ்கிறது. ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். மொத்த எடை 15 டன், நிலைத்தன்மையைக் குறிக்கும் உயரம் (சாய்ந்த படகு நிமிரும் திறனைக் காட்டும் அளவு) அரை மீட்டர் உள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொருவரும் 60 கிலோ என்ற கணக்கில் 30 பேர், கரையில் ஒரு யானை தெரிகிறது என்று ஒரே பக்கமாக ஒன்றரை மீட்டர் நகர்ந்தால், படகு ஏறக்குறைய 20 பாகை சாயும். மேல்தளத்தில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தால் படகின் எடைமையம் ஏறி, அந்த அரை மீட்டர் இன்னும் சுருங்கி, சாய்வு இன்னும் கூடும். சாய்ந்த பக்கத்து விளிம்பு நீரைத் தொட்ட அடுத்த நிமிடத்தில் நீர் உள்ளே புகுந்து அதே பக்கம் ஓடும். அந்த நீரின் எடையே படகைப் புரட்டிவிடும். தேக்கடியில் இரண்டு தளப் படகு ஒன்று, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டபோது கவிழ்ந்தது. இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். இன்று அங்கே ஏறியவுடன் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, எழுந்து நிற்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான். எரிச்சலாக இருந்தாலும் உங்கள் நான்கு குழந்தைகளையும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படச் செய்யுங்கள். கணக்கைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்த எண்கள் இவை. ஒரு குறிப்பிட்ட படகின் நிலைத்தன்மையைக் கண்ணால் பார்த்து என்னாலும் சொல்ல முடியாது. எடைகளை வைத்து நகர்த்திச் சாய்வை அளந்து பார்த்தால்தான் தெரியும். சர்வே சான்றிதழில் இருக்கும் ஆள் எண்ணை நம்பச் சொல்வது அதற்காகத்தான்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் போட்டுக்கொண்டாலே போதும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால், நீரில் விழுந்த கணத்தில் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை அதற்குள்ளிருந்து கீழே நழுவும். மாட்டிய பிறகு இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது அந்தக் குழந்தைக்கு உரியதல்ல. கால்களுக்கு இடையே போகும் பட்டை இருந்தால் கட்டாயம் பூட்டுங்கள். பல ஆண்டு வெயிலில் வெளுத்து, உள்ளே இருக்கும் பஞ்சு நசுங்கி அப்பளமாகிவிட்ட ஜாக்கெட்டுகளைத் துறைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். கொக்கி உடைந்து கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தால் வேறு கேளுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: கண்ணாடி அடைத்த அறைக்குள் இருக்கும்போது படகு கவிழ்ந்தால், ஜாக்கெட் உங்களை வாசலை நோக்கிக் கொண்டுபோகாது, மேலே அழுத்தி வைத்துக்கொள்ளும். ஆகவே மூடிய கீழ்த்தளத்தைக் காட்டிலும் திறந்த இடத்தில், வெளியேறும் வழிக்கு அருகில் உட்காருவது நல்லது. இது விதியில் உள்ள வாசகம் அல்ல, நான் என் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்வது.

ஒகேனக்கலில் கதை வேறு. அங்கே வேகத்தை முடிவு செய்வது ஓட்டுபவரல்ல, காவிரி. முன்பு மூங்கில் பின்னலின் மேல் தோல் போர்த்திக் கட்டப்பட்ட பரிசல்களில் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன. வட்டமான உருவத்தால் அணியம் (முன்பக்கம்), கடையால் (பின்பக்கம்) என்ற வேறுபாடே அதற்கு இல்லை, ஒரே துடுப்புதான். மேலே கர்நாடகத்தில் மழையோ அணைத் திறப்போ இருந்தால் நீர்வரத்து சில மணி நேரத்தில் ஏறிவிடும். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் இடமான பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து எத்தனை கன அடி என்பது செய்திகளில் நாள்தோறும் வருகிறது. அது கூடினால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்கும் குளிப்பதற்கும் தடை விதிக்கும். கிளம்புவதற்கு முதல் நாள் அந்த எண்ணையும் தடை உண்டா என்பதையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். தடை நாளில் 'வேறு வழியாகக் கூட்டிப்போகிறேன்' என்று யாராவது சொன்னால், எவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். பரிசலில் ஏறும்போது நீங்களாக உட்காராமல் ஓட்டி காட்டும் இடத்தில் உட்காருங்கள். சமநிலை அவர் மனத்தில் இருக்கிறது. பாறைக்கு அருகே போகும்போது செல்பி எடுக்க ஒருவர் எழுந்தாலும் அவர் துடுப்பால் செய்யக்கூடியது அதிகமில்லை.

துறையில் நின்று பார்க்கக் கூடியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுபவை சில. பதிவு எண் உடற்பகுதியில் பெயின்ட் அடித்துத் தெரிய வேண்டும். கேரளப் படகுகளில் அது கே.ஐ.வி. என்று தொடங்கும். எண் இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை. அடுத்து, எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள். சட்டென்று எண்ணைச் சொல்லாமல் 'எல்லாரும் வரலாம் சார்' என்ற பதில் வந்தால் உங்கள் 14 பேரையும் இரண்டு படகாகப் பிரித்துவிடுங்கள், குழந்தையும் ஒரு தலைதான். ஆட்கள் ஏறிய பிறகு விளிம்புக்கும் நீருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். காற்றோ மழையோ தொடங்கியிருந்தாலும், வெளிச்சம் மங்கியிருந்தாலும் காசு போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். ஸ்பீட் போட்டாக இருந்தால் இன்ஜின் சுவிட்சிலிருந்து சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். அதன் மறுமுனை ஓட்டுநரின் மணிக்கட்டிலோ காலிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். இல்லையென்றால் ஆளில்லாத படகு வட்டமடித்து, நீரில் கிடப்பவர்களின் மேலேயே விசிறியோடு திரும்பி வரும். அந்தக் கயிற்றை சுவிட்சிலேயே சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஓட்டுநர் கயிற்றை மாட்டியிருந்தாரா என்பது நினைவிருக்கிறதா? வேகத்தைப் பற்றி அவர் சொன்ன பதிலைக் காட்டிலும் அவரைப் பற்றி அது அதிகம் சொல்லியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் படகில் வேகம் பயமுறுத்தினால், எழுந்து போய் வாக்குவாதம் செய்யாதீர்கள்; உட்கார்ந்த இடத்திலிருந்தே, குழந்தை பயப்படுகிறது, மெதுவாகப் போங்கள் என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஓட்டுநர்கள் குறைத்துவிடுவார்கள், ஏனெனில் பாதிப் பேர் வேகமாக ஓட்டுவதே பயணிகள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று நினைத்துத்தான். குறைக்கவில்லையென்றால் இறங்கிய பிறகு பதிவு எண், நேரம், எந்த வாய்க்கால் என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, கேரளமானால் துறைமுக அலுவலகத்திலோ சுற்றுலாக் காவல் உதவி மையத்திலோ எழுதிக் கொடுங்கள். அவசரமென்றால் 112. எண் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு அவர்களால் எந்தப் படகையும் தேட முடியாது என்பதால், ஏறுவதற்கு முன்பே அந்த எண் தெரியும்படி குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள். எப்படியும் படகின் முன்னால் நின்று ஒரு படம் எடுக்கத்தானே போகிறீர்கள்.